இரவில் போட்ட உப்பு: பாட்டியின் கதையும் பேத்தியின் சோதனையும்

மும்பை செம்பூரில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய மாமியார், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குச் சுவேதகேது கதையைச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் படித்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற மிடுக்கோடு வீடு திரும்பும் பிள்ளையிடம் அப்பா உத்தாலகர், "இந்த உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வா" என்கிறார். காலையில் உப்பைக் காணோம். இங்கே குடித்துப் பார், அங்கே குடித்துப் பார் என்கிறார். எங்கே குடித்தாலும் உப்பு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கும் இருக்கிறது, அதுபோலத்தான் மெய்ப்பொருள் என்று கதை முடிகிறது. பேத்தி சும்மா இருக்கவில்லை. அன்றிரவே கண்ணாடி ஜக்கில் தண்ணீர் பிடித்து, இரண்டு ஸ்பூன் கல் உப்பைப் போட்டு, மூடி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். காலையில் ஸ்ட்ரா வைத்து மேலே உறிஞ்சினால் வெறும் தண்ணீர். அடியில் உறிஞ்சினால் வாயில் வைக்க முடியவில்லை. "பாட்டி, உங்க கதை தப்பு" என்று சொல்லிவிட்டாள். பாட்டிக்கு வருத்தம்; இப்போது வருகிற உப்பே சரியில்லை என்கிறாராம். இதோடு, பள்ளிக்கூடத்தில் கேட்ட லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆன கதை, சாரமற்றுப்போன உப்பு, பாட்டி சொல்லும் உப்பிலியப்பன் கதை, இவற்றிலெல்லாம் அறிவியல் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்.

உப்பு தண்ணீரில் கரையுமா என்பது அவருடைய கேள்வி இல்லை. ஒரு பழங்கதையில் ஒரு விவரம் சோதனையில் தோற்றால் கதையையே தூக்கிப் போட்டுவிட வேண்டுமா, வீட்டில் யார் பக்கம் பேசுவது, இதுதான் கேள்வி. நான் தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். பிறகு மும்பையில் ஒரு கல்லூரியில் 31 வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அதனால் உப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகவே சொல்வேன். சமஸ்கிருதம் எனக்கு உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அளவுதான். பைபிளைத் தமிழில்தான் வாசித்திருக்கிறேன். ஆகவே ஒரு வரிக்கு இதுதான் பொருள் என்று நான் சொல்லும் இடங்களில் கொஞ்சம் தள்ளுபடி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேத்தியின் சோதனை. அவள் சொன்னது சரி. உப்பின் மேலும் குற்றமில்லை. உப்பு கரைவது வேறு, கரைந்தது பாத்திரம் முழுக்கப் பரவுவது வேறு. கல் உப்பு தண்ணீரில் விழுந்ததும் சோடியமும் குளோரைடும் மின்னேற்றம் கொண்ட தனித்தனித் துகள்களாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. அவை ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கரைந்த இடத்திலிருந்து அவை மேலே வர வேண்டுமே! கலக்காத தண்ணீரில் அவை தள்ளாடித் தள்ளாடித்தான் நகரும். எட்டு, பத்து மணி நேரத்தில் சராசரியாக நகரும் தூரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதோடு இன்னொரு சிக்கல்: தூரம் பத்து மடங்கானால் நேரம் பத்து மடங்கு ஆகாது, நூறு மடங்கு ஆகும். இருபது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு ஜக்கை யாரும் தொடாமல் வைத்திருந்தால் மேலும் கீழும் ஒரே உப்பாக மாதக்கணக்கில் ஆகும். ஒரு ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை.

ராத்திரி சூடு, குளிர்ச்சி மாறும்போது தண்ணீர் தானாகவே புரண்டு கலந்துவிடாதா என்று கேட்கலாம். வெறும் தண்ணீரில் அப்படித்தான் நடக்கும். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அடியிலேயே கிடக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு சேர்ந்தாலே தண்ணீரின் அடர்த்தி ஏறக்குறைய 0.7 சதவீதம் கூடுகிறது. சூட்டால் அதே அளவு அடர்த்தி வித்தியாசம் வர வேண்டுமானால் மேலும் கீழும் இருபது டிகிரிக்கு மேல் வேறுபாடு வேண்டும். செம்பூர் சமையலறையில் அது நடக்காது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கொஞ்சம் கல் உப்பை மெல்லிய துணியில் முடிந்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முடிச்சிலிருந்து கண்ணாடி நூல் போல ஏதோ ஒழுகிக் கீழே இறங்குவது தெரியும். அதுதான் உப்புத் தண்ணீர். அடியில் போட்ட உப்பைவிட இது சீக்கிரம் கரைந்துவிடும். ஏனென்றால் கரைந்தது இறங்கிவிட, புதுத் தண்ணீர் வந்து உப்பைத் தொடுகிறது. அடியில் கிடக்கும் உப்பின் மேல் அதுவே கரைத்த கெட்டித் தண்ணீர் போர்வை மாதிரி படுத்திருக்கும்.

இது பாட்டிக்குத் தெரியாத விஷயமா என்றால், நன்றாகத் தெரியும். மாதுங்கா மார்க்கெட்டில் மாவடு வந்ததும் வாங்கி வந்து, உப்பும் மஞ்சளும் கடுகும் போட்டு ஜாடியில் அடைத்துவிட்டு, தினம் இரண்டு வேளை ஜாடியைக் குலுக்கு என்று வீட்டில் எல்லாரையும் விரட்டுவது யார்? குலுக்காவிட்டால் அடி வடு சுருங்கிக் கரிக்கும், மேல் வடு உப்புப் பிடிக்காமல் பூஞ்சை பூக்கும். ஒரு ராத்திரியில் உப்பு தானே ஏறாது என்பதை உபநிஷதக் கதை சொல்லும்போது மறந்திருக்கலாம், மாவடு போடும்போது மறந்ததே கிடையாது. இதைப் பேத்தியிடம் சொல்லுங்கள். பாட்டியிடம் சொல்வதானால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் இந்தக் கதை வரும் சாந்தோக்கிய உபநிஷதம் தப்பா? ஆறாவது அத்தியாயம், பதின்மூன்றாவது கண்டம். மூலத்தை எடுத்துப் பார்த்தால், நாம் கதை சொல்லும்போது விட்டுவிடுகிற ஒரு சொல் அங்கே இருக்கிறது. காலையில் அப்பா, "ராத்திரி போட்ட உப்பைக் கொண்டு வா" என்கிறார். பிள்ளை தேடுகிறான், அகப்படவில்லை. தேடுவதற்கு மூலத்தில் இருக்கும் சொல் 'அவம்ருச்ய'. தொட்டுத் தடவி, துழாவி என்று பொருள். பையன் எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறான். ருசி பார்க்கச் சொன்னதெல்லாம் அதற்கு அப்புறம். கையை விட்டு நாலு தடவை துழாவினால் போதும், அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் முழுக்கக் கலந்துவிடும். உங்கள் மகள் செய்யாமல் விட்டது அந்த ஒரு வேலையைத்தான். அவள் நாகரிகமாக ஸ்ட்ரா போட்டுவிட்டாள்.

இன்னொன்றும் உண்டு. எங்கிருந்து குடிக்கச் சொன்னார் என்பதற்கு மூலத்தில் வரும் சொற்கள் 'அந்தம்', 'மத்தியம்', மறுபடி 'அந்தம்'. ஆதி அந்தம் என்கிறோமே, அதே அந்தம். ஓரம், முனை என்றும் எடுக்கலாம். மேல், நடு, அடி என்று சொல்வது வழிவழியாக வந்த விளக்கம். இந்த ஓரம், நடு, அந்த ஓரம் என்று படித்தாலும் சொல்லுக்குக் குறைவில்லை. அகலமான சட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் இருந்தால் உப்பு ஒரே மட்டமாக அடியில் பரவிவிடும்; இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் ஒரே ருசிதான். இரண்டில் எது என்று தீர்ப்பது என் வேலை இல்லை. துழாவிய கை பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்தச் சொல் அங்கேதான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ரிஷிகளுக்குப் பரவல் விதி தெரியும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவர்களுக்கு விதி தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உப்பைத் தண்ணீரில் போட்டுத் துழாவிப் பார்த்த ஒருவர் சொன்ன கதை அது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் உப்பு என்றால் பெரும்பாலும் கட்டி. பிரகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குச் சொல்லும் உவமையிலும் உப்புக் கட்டிதான் வருகிறது: தண்ணீரில் போட்ட சைந்தவக் கட்டியைத் திரும்பப் பிடித்து எடுக்க முடியாது, ஆனால் எங்கே அள்ளினாலும் உப்பு. சைந்தவம் என்றால் சிந்துவில் இருந்து வந்தது. அதுதான் தமிழில் இந்துப்பு. இங்கே நவராத்திரி உபவாசத்துக்கு மளிகைக் கடையில் சேந்தா நமக் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே சரக்கு. கடல் உப்பு விரதத்துக்கு ஆகாது, இது ஆகும் என்பார்கள். இதுவும் கடல் உப்புத்தான். ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் வற்றிப்போன கடலின் உப்பு. விரதத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழைய கடலை நினைத்தாலே ஒரு சந்தோஷம்.

கலக்காவிட்டால் கலக்காது என்பதை ஜக்கில் மட்டும் இல்லை, ஒரு பெரிய ஏரியிலேயே பார்க்கலாம். அது லோத்தின் கதை நடக்கும் அதே இடம். சாக்கடலில் மேல் அடுக்கு, கனமான அடி அடுக்கு என்று இரண்டு தண்ணீர் பல காலமாக ஒன்றோடொன்று சேராமல் கிடந்தன. ஜோர்தான் நதியிலிருந்து வரும் தண்ணீர் குறைந்து, மேல் அடுக்கும் உப்பேறிக் கனத்து, 1979-இல்தான் ஏரி முழுக்கப் புரண்டு கலந்தது. உங்கள் ஜக்கில் ஒரு ராத்திரி நடக்காதது அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நடக்கவில்லை. சாதாரணக் கடலில் நூறு பங்குக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அங்கே முப்பத்து நாலு.

ஆதியாகமம் 19-ஆம் அதிகாரத்தில் சோதோம் அழியும்போது, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியும் திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆகிறாள். ஒரு மனித உடம்பு உப்பாக மாற முடியுமா என்றால், வேதியியல்படி முடியாது. வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில் சோடியம் மொத்தம் நூறு கிராம் அளவுதான் இருக்கிறது. உப்பாகக் கணக்குப் போட்டால் கால் கிலோ. அற்புதம் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன்; அற்புதம் என்றாலே விதிக்கு வெளியே நடந்தது என்றுதானே பொருள்? ஆனால் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சாக்கடலின் தென்மேற்குக் கரையில் சோதோம் மலை என்று ஒரு மலை இருக்கிறது. மலையின் பெரும்பகுதி உப்பு. பூமிக்கு அடியில் புதைந்த உப்பு அடுக்கு, சுற்றியிருக்கும் பாறையைவிட இலேசானது. பெரிய அழுத்தத்தில் அது பிசைந்த மாவு மாதிரி மெல்ல நகர்ந்து மேலே பிதுங்கும். மழை நிறையப் பெய்கிற ஊராக இருந்தால் வெளியே வந்த உப்பு கரைந்து போயிருக்கும். அங்கே மழை குறைவு, அதனால் மலையாக நிற்கிறது. பெய்கிற கொஞ்ச மழை அதைக் குடைந்து தூண்களும் குகைகளும் செய்கிறது. அங்குள்ள மல்ஹாம் குகையை 2019-இல் அளந்து, பத்து கிலோமீட்டர் நீளம், உலகத்தில் இதுவே நீளமான உப்புக் குகை என்று அறிவித்தார்கள். ஆள் நிற்பது போலத் தனியாகப் பிரிந்து நிற்கும் ஒரு தூணை இன்றைக்கும் லோத்தின் மனைவி என்று காட்டுகிறார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் ஜொசிஃபஸ் தானே அந்தத் தூணைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அவர் பார்த்த தூணும் இன்று காட்டுகிற தூணும் ஒன்றாக இருக்காது. உப்புத்தூண் அவ்வளவு காலம் உருவம் மாறாமல் நிற்காது.

தூணைப் பார்த்துக் கதை பிறந்ததா, கதையைக் கேட்டுத் தூணுக்குப் பெயர் வைத்தார்களா? தூண்தான் முதலில் என்பது என் எண்ணம். நம் ஊரில் பாறையில் ஒரு பள்ளம் இருந்தால் பீமன் காலடி என்கிறோமே, அது மாதிரி. ஆனால் இது எண்ணம்தான், நிரூபணம் கிடையாது. உப்புக்கும் பிணத்துக்கும் மெய்யான உறவு ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரானில் செஹ்ராபாத் என்ற இடத்து உப்புச் சுரங்கத்தில் 1993-இல் ஒரு ஆளின் தலை, தலைமுடி, தாடியோடு கிடைத்தது. ஏறத்தாழ 1,700 வருஷத்துக்கு முந்தையது. தொடர்ந்து இன்னும் சில உடல்கள் கிடைத்தன. உப்பு ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டதால் அழுகவில்லை, கருவாடு கெடாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். அவர்கள் உப்பாக மாறவில்லை, உப்பில் தங்கிவிட்டார்கள்.

சாரமற்ற உப்புக்கு வருகிறேன். "உப்பானது சாரமற்றுப்போனால், எதினால் சாரமாக்கப்படும்?" என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. சோடியம் குளோரைடு சாரம் இழக்காது. பழையதாகாது, கெடாது. டப்பாவில் காலாவதித் தேதி போடுவதெல்லாம் அயோடினுக்காகவும் பாக்கெட்டுக்காகவும்தான். ஆனால் அந்தக் காலத்தில் உப்பு என்று விற்றது தனிச் சோடியம் குளோரைடு இல்லை. இது எனக்கு உப்பளத்தில் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். பாத்தியில் கடல் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம், தண்ணீர் பத்தில் ஒரு பங்காக வற்றியதும் உப்புப் பூக்கும். கடைசியில் மிஞ்சுகிற தண்ணீரை வாயில் வைத்தால் கசக்கும், அதெல்லாம் மெக்னீசியம். எந்த நேரத்தில் எந்தத் தண்ணீரை வெளியே விடுகிறோம் என்பதில்தான் உப்பின் தரம் இருக்கிறது. சாக்கடல் கரையில் தானாகக் காய்ந்ததைச் சுரண்டி எடுத்தால் எல்லாம் கலந்துதான் வரும். அந்தக் கலவை ஈரத்தில் கிடந்தால் உப்பு முதலில் கரைந்து ஒழுகிப்போகும். ஜிப்சமும் மண்ணும் வெள்ளையாக அப்படியே நிற்கும். பார்க்க உப்பு, நாக்கில் வைத்தால் ஒன்றுமில்லை.

வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்தான். அதன் தூளையும் உப்பையும் சமமாகக் கலந்து, வடிதாளில் போட்டுத் தண்ணீர் விடுவோம். முதலில் வடிகிற தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால் மாதிரி வெளுக்கும்; தண்ணீரில் உப்பு இருப்பதற்கு அதுதான் அடையாளம். விடாமல் கழுவிக்கொண்டே இருந்தால் வெளுப்பு குறைந்து குறைந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தாளில் மட்டும் அதே வெள்ளைத் தூள் இருக்கும். பின் பெஞ்சில் இருந்து எப்போதும் ஒரு குரல் வரும்: "சார், இதுதான் கேன்டீன் உப்பு."

நான் மும்பைக்கு வந்த முதல் வருஷம் ஊரிலிருந்து ஒரு துணிப்பை கல் உப்பு கொண்டுவந்திருந்தேன். காரணம் உண்டு. கடையில் மராத்தியில் மீட் என்றால் உப்பு, இந்தியில் மீட்டா என்றால் இனிப்பு; இந்தக் குழப்பத்தில் எதைக் கேட்டு எதை வாங்குவது என்று பயம். பையைச் சமையலறை ஆணியில் மாட்டியிருந்தேன். ஜூலை வந்தது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கும். அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கும். மும்பை மழைக்காலத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பை சொட்டுச் சொட்டாக ஒழுகி, ஆணியைத் துருப்பிடிக்க வைத்து, சுவரில் ஒரு கோடு போட்டு, கணபதி வருவதற்குள் பாதியாகிவிட்டது. மிஞ்சியது சாரமற்றுப் போயிருக்கவில்லை, முன்னைவிடச் சுத்தமான உப்பாகவே இருந்தது, கசப்பெல்லாம் முதலில் ஒழுகிவிட்டதால். தூத்துக்குடி உப்பில் ஜிப்சம் குறைவு. அந்தப் பை சாக்கடல் கரையிலிருந்து வந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆனால் இயேசு இந்த வேதியியலை மனதில் வைத்துத்தான் சொன்னாரா என்பது வேறு கேள்வி. நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்லி உறைக்க வைப்பதும் பேச்சில் ஒரு வழி. யூதர்களின் சமய நூலான தால்முத்தில் இதே கேள்வி வேடிக்கையாக வருகிறது. உப்பு கெட்டுப்போனால் எதைப் போட்டு அதைச் சரிசெய்வது என்று கேட்கிறார்கள். கோவேறு கழுதையின் நஞ்சுக்கொடியைப் போட்டு என்று பதில். கோவேறு கழுதை குட்டி போடுமா என்றால், உப்பு கெடுமா என்று எதிர்க்கேள்வி. இரண்டு விளக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று, வேதியியலுக்கு ஒத்து வருவது ஒன்று. எது சரி என்று தேவாலயத்தில் உள்ளவர்கள் சொல்லட்டும்.

உப்பிலியப்பன் விஷயத்தில் அறிவியல் தேட வேண்டாம், தமிழைத் தேடுங்கள். கும்பகோணம் பக்கத்தில் திருவிண்ணகரில் பெருமாளுக்கு நைவேத்தியம் எல்லாம் உப்பில்லாமல்தான். மார்க்கண்டேயர் தன் மகளைக் கேட்டு வந்த கிழவரிடம், இவள் சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தட்டிக்கழித்தாராம். உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம் கிழவராக வந்த பெருமாள். நம்மாழ்வார் பாடியதோ 'தன்னொப்பார் இல்லப்பன்', தனக்கு நிகரானவர் இல்லாதவன். ஒப்பிலி மக்கள் வாயில் உப்பிலி ஆகி, அந்த உப்புக்கு ஒரு கதையும் வந்து சேர்ந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. எது முந்தியது என்பதற்கு இங்கேயும் சாட்சி இல்லை. கதை அழகாகத்தான் இருக்கிறது, பெண் கொடுக்க விருப்பமில்லாத அப்பாக்கள் சொல்லும் சாக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில், உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா என்றும் கேட்டிருந்தார். கொதிக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் உப்புப் போட்டால் கொதிநிலை 0.2 டிகிரிகூட ஏறாது. ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள், இறங்கவில்லை. கொதிக்கப் போகிற தண்ணீரில் உப்பைப் போட்டதும் பொங்குகிறதே என்றால், அது உப்புக் கல்லின் மேல் குமிழிகள் பிடித்துக்கொண்டு எழும்புவது; நொடியில் அடங்கிவிடும். பருப்பு வேகாததற்கும் உப்பைக் குறை சொல்லாதீர்கள். முதலிலேயே விட்ட புளியையும், கடினமான தண்ணீரையும் கேளுங்கள்.

இனி மகளுக்கு. சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள், இந்தத் தடவை இரண்டு பாத்திரத்தில். ஒன்றைத் தொடக்கூடாது. இன்னொன்றில் காலையில் நன்றாகக் கழுவிய கையை விட்டு, உப்பு எங்கே என்று பாட்டியின் முன்னால் தேட வேண்டும். பிறகு இரண்டிலும் மேலே, நடுவில், அடியில் ஒவ்வொரு சொட்டு. அப்புறம் கதையில் இன்னொரு படி இருக்கிறது, அதையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ருசி பார்த்து முடித்ததும் அப்பா, "அதை அப்படியே விட்டுவிட்டு வா" என்கிறார். "கொட்டிவிட்டு வா" என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. உடனே, 'அது எப்போதும் இருக்கிறது' என்று ஒரு வரி. அது யார் கூற்று, எதைப் பற்றியது என்பதில் உரைகள் ஒத்துப்போவதில்லை. எனக்கு அது கொட்டிய தண்ணீர் காய்ந்து, உப்பு திரும்பக் கண்ணுக்குத் தெரிவதாகத்தான் தோன்றுகிறது, உப்பளத்துப் பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்? அவளும் கொட்டிப் பார்க்கட்டும், ஒரு கறுப்புத் தட்டில், ஜன்னல் ஓரத்தில். ஆனால் இப்போது வேண்டாம். வெளியே மழை கொட்டுகிறது. காற்றின் ஈரம் 75-க்குக் கீழே வராதவரை அந்தத் தண்ணீர் எத்தனை நாள் வைத்தாலும் முழுசாகக் காயாது. மிட்டாகர் என்று இங்கே சொல்லும் உப்பளங்களிலும் மழை முடிகிறவரை வேலை கிடையாது. தசரா கழியட்டும். அக்டோபர் வெயிலில் இரண்டு நாள் வைத்தால் தட்டில் சதுரம் சதுரமாகப் பூத்திருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.